மருந்துச் சீட்டும் தள்ளுபடிச் சீட்டும்: வலி மருந்து விலையின் ஒரு சிறு வரலாறு

(நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது வாசிக்கவும்.)

முனிர்கா கிராமத்தில் என் அறையிலிருந்து பாபா கங்கநாத் சாலைக்கு வருவதற்குள் ஆறு மருந்துக் கடைகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஓர் எண் இருக்கும். ஒன்றில் 15 விழுக்காடு தள்ளுபடி, அடுத்ததில் 18, திருப்பத்தில் உள்ளதில் 20. சப்தர்ஜங், எய்ம்ஸ் ஆகிய மருத்துவமனைகள் அதிகத் தொலைவில் இல்லை. மருந்துச் சீட்டோடு வருவோர் கடைகளின் எண்களைப் பார்த்தபடியே நடப்பதை நாள்தோறும் காண்கிறேன். இரண்டு ஆண்டுகளாக நானும் அப்படி நடந்தவள்தான்.

ஊரில் அப்பாவுக்கு அக்கி வந்து ஆறிய பின்னும் இடப்பக்க விலாவில் நரம்புவலி நின்றுவிட்டது. மருத்துவர் பிரிகாபலின் எழுதினார். மாதந்தோறும் ஒரு செயலி வழியாக இங்கிருந்தே ஊருக்கு மருந்து அனுப்பி வந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு கூப்பன் எண்ணை இட்டால் விலை கணிசமாகக் குறையும். ஒரு மாதம் அந்த எண் செல்லவில்லை. முழு விலை கட்டி அனுப்பினேன். பெட்டிக்குள் இருந்த ரசீதை அப்பா பார்த்துவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போடத் தொடங்கிவிட்டார். மூன்று வாரம் கழித்து, உறக்கமின்மை, வியர்வை, நடுக்கம் என்று அம்மா தொலைபேசியில் அழுதபோதுதான் விஷயம் தெரிந்தது. இது விட்டுவிட்டு உண்ணும் மருந்தன்று. நிறுத்துவதானால் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

"நீ உதவித்தொகையில் இருக்கிற பிள்ளை, உனக்கு எதுக்குப்பா பாரம்" என்றார் அப்பா. அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒரு மருந்தின் விலையை இன்று குறைத்து, நாளை ஒரு சொல்லும் சொல்லாமல் ஏற்றிவிட முடிகிறது என்றால், அந்த விலை முதலில் எப்படி உண்டாயிற்று? நான் மருத்துவ மாணவி அல்லள், மொழியியல் படித்தவள். எனவே எனக்குத் தெரிந்த வழியில், பெயர்களிலிருந்து தொடங்கித் தேடினேன். தேடியதில் கிடைத்த வரலாற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கூப்பனின் பிறப்பிடம்

வலி மருந்துக்குக் கூப்பன் தரும் வழக்கத்தின் மிகக் கசப்பான அத்தியாயம் அமெரிக்காவில் எழுதப்பட்டது. 1996இல் பர்டியூ பார்மா நிறுவனம் ஆக்சிகான்டின் என்னும் அபின் வகை வலிநிவாரணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. புதிய நோயாளிகளுக்கென மருத்துவர்களிடம் ஒரு சீட்டு கொடுக்கப்பட்டது. அதைக் கடையில் காட்டினால் 7 முதல் 30 நாள்களுக்கான மாத்திரை இலவசம். 2001இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டபோது ஏறத்தாழ 34,000 சீட்டுகள் பயன்படுத்தப்பட்டிருந்தன. பழக்கத்துக்கு அடிமையாக்கும் தன்மை கொண்ட மருந்து அது. முதல் மாதத்தை இலவசமாக்கினால் இரண்டாம் மாதத்தைப் பற்றி நிறுவனம் கவலைப்பட வேண்டியதில்லை. மருந்தின் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றதை ஒப்புக்கொண்டு, 2007இல் அந்நிறுவனமும் அதன் அதிகாரிகள் மூவரும் 60 கோடி டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது. அதற்குள் பல்லாயிரம் குடும்பங்கள் அழிந்திருந்தன.

எல்லாக் கூப்பனும் அப்படிப்பட்டதன்று. அமெரிக்காவில் இன்று பெரிதும் வழங்குவது வேறொரு வகை. காப்பீடு உள்ள நோயாளி மருந்து வாங்கும்போது தன் பங்காக ஒரு தொகை கட்ட வேண்டும். விலை உயர்ந்த மருந்துக்கு அந்தப் பங்கு அதிகம். மலிவான ஜெனரிக் மருந்துக்குக் குறைவு. நோயாளியை மலிவான மருந்தின் பக்கம் திருப்பவே காப்பீட்டு நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டைச் செய்தன. மருந்து நிறுவனமோ கூப்பன் கொடுத்து நோயாளியின் பங்கைத் தானே கட்டிவிடுகிறது. நோயாளிக்கு இரண்டும் ஒரே விலையாகிவிடுகின்றன. அவர் விலை உயர்ந்ததையே வாங்குகிறார். மீதித் தொகை முழுதும் காப்பீட்டின் தலையில் விழுகிறது. அடுத்த ஆண்டு எல்லாருடைய காப்பீட்டுக் கட்டணமாகவும் திரும்பி வருகிறது. இதனால்தான் முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேரில் இத்தகைய நிறுவனக் கூப்பன்கள் கையூட்டுத் தடைச் சட்டத்தின் கீழ் அனுமதிக்கப்படுவதில்லை. ஜெனரிக் மாற்று இருக்கும் மருந்துகளுக்கு இவற்றைப் பெரும்பாலும் தடை செய்யும் சட்டத்தைக் கலிபோர்னியா மாநிலம் 2017இல் இயற்றியது.

இங்கு முழுக்க வேறு நிலை. புறநோயாளியாக வாங்கும் மருந்துக்கு நம்மில் பெரும்பாலோர் கைப்பணத்தையே கொடுக்கிறோம். எனவே நம் தள்ளுபடி, அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து கழிக்கப்படுகிறது. அந்த அச்சிட்ட விலை யாருடையது என்பதுதான் கேள்வி.

இடுகுறியும் காரணமும்

நன்னூல் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என வகுக்கிறது. மருந்துலகில் இவ்விரண்டும் இன்றும் போரிட்டுக்கொண்டிருக்கின்றன.

ஒவ்வொரு மருந்துக்கும் உலகம் முழுதும் வழங்கத்தக்க ஒரு பொதுப்பெயரை உலகச் சுகாதார நிறுவனம் சூட்டுகிறது. 1950இல் உருவான இத்திட்டத்தின் முதல் பட்டியல் 1953இல் வெளியானது. இந்தப் பெயர்கள் பெரும்பாலும் காரணப்பெயர்கள். 'புரோஃபென்' என்று முடிந்தால் அது இபுபுரோஃபென்னின் உறவு. 'காக்சிப்' என்று முடிந்தால் செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் ஆகியவற்றின் குடும்பம். அப்பாவின் பிரிகாபலினிலும் கேபாபென்டினிலும் வரும் 'கேப்' என்னும் பகுதி ஒரே வேரைக் காட்டுகிறது. பெயரைப் பார்த்தே இனத்தை அறியலாம். அதே இனத்தைச் சேர்ந்த இரண்டு மாத்திரைகளைத் தவறிச் சேர்த்து உண்பதையும் தவிர்க்கலாம்.

வணிகப்பெயர் நிறுவனத்தின் இடுகுறி. ஒரே மருந்துக்கு நூறு நிறுவனங்கள் நூறு பெயர் இடலாம். வேடிக்கை என்னவெனில், மிகப் புகழ்பெற்ற வலி மாத்திரையின் வணிகப்பெயர் காரணப்பெயராகவே பிறந்தது. 1899இல் பேயர் நிறுவனம் பதிவு செய்த 'ஆஸ்பிரின்' என்ற சொல்லில் 'அ' அசிட்டைல் என்பதைக் குறிக்கும். 'ஸ்பிர்' ஸ்பைரியா என்ற செடியின் பெயரிலிருந்து வந்தது. மக்கள் நாவில் அந்தச் சொல் அவ்வளவு ஊறிப்போயிற்று. 1921இல் அமெரிக்க நீதிபதி லேர்னட் ஹேண்ட், பொதுமக்களைப் பொறுத்தவரை ஆஸ்பிரின் என்பது மருந்தின் பெயரே, ஒரு நிறுவனத்தின் பெயர் அன்று எனத் தீர்ப்பளித்தார். ஒரு சிறப்புப்பெயர் பொதுப்பெயரானதற்கு நீதிமன்றமே சான்று தந்த நிகழ்வு அது.

நம்மூரிலும் இது நடக்கிறது. பாராசிட்டமால் என்று கேட்பவர் குறைவு. குரோசின், கால்பால், டோலோ என்றே கேட்கிறோம். ஆனால் இங்கே பெயர் பொதுவாவதில்லை. அதற்குரிய விலையும் அதனுடனேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருந்துச் சீட்டில் மருத்துவர் எந்தப் பெயரை எழுதுகிறாரோ அதையே வாங்குகிறோம். தேர்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் மற்றொருவர். மருந்துச் சந்தை பிற சந்தைகளினின்று வேறுபடும் இடம் இதுவே.

விலை குறைந்த கதை

விடுதலைக்குப் பின்னும் இந்தியாவில் மருந்து விலை மிக உயர்ந்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க செனட்டர் கெஃபாவர் தலைமையிலான குழு, சில மருந்துகளின் விலையில் இந்தியா உலகிலேயே மிக உயர்ந்த நாடுகளுள் ஒன்று எனக் குறித்தது. மிக ஏழ்மையான நாட்டில் மிக உயர்ந்த விலை. காரணம், 1911ஆம் ஆண்டின் காலனியக் காப்புரிமைச் சட்டம். மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வழங்கிய அச்சட்டத்தின் நிழலில் அயல்நாட்டு நிறுவனங்கள் இறக்குமதி செய்து விற்றன. இங்கே வேறெவரும் அதைச் செய்ய இயலவில்லை.

இதை மாற்றிய ஆவணம் நீதிபதி என். ராஜகோபால ஐயங்காரின் 1959ஆம் ஆண்டு அறிக்கை. அதன் அடிப்படையில் உருவான 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை. செய்முறைக்கு மட்டுமே, அதுவும் அதிகபட்சம் ஏழாண்டுகள். வேறொரு செய்முறையில் அதே மருந்தை யாரும் செய்யலாம் என்றானது. ரிஷிகேஷிலும் ஐதராபாத்திலும் இயங்கிய பொதுத்துறை ஆலைகளில் பயின்ற வேதியியலாளர்கள் பிற்காலத் தனியார் நிறுவனங்களுக்கு அடித்தளமானார்கள். 2005இல் உலக வணிக அமைப்பின் உடன்பாட்டுக்கு இணங்கப் பொருள் காப்புரிமை மீண்டும் வந்தது. ஆயினும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் உருவான தொழில் நிலைத்துவிட்டது.

கூடவே விலைக் கட்டுப்பாடும் நடந்தது. 1979ஆம் ஆண்டின் ஆணை 347 மருந்துகளைக் கட்டுப்படுத்தியது. 1987இல் அது 142 ஆயிற்று. 1995இல் 74 ஆயிற்று. 2013இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை அனைத்தும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. எண்ணிக்கை கூடியது, அளவுகோல் மாறியது. முன்பு உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு விலை வைத்தார்கள். இப்போது சந்தையில் குறைந்தது ஒரு விழுக்காட்டுப் பங்குடைய பெயர்களின் சராசரி விலையே உச்சவரம்பு. சந்தையே உயர்ந்த விலையில் நின்றால் உச்சவரம்பும் உயர்ந்தே நிற்கும். பட்டியலில் இல்லாத மருந்துக்குத் தொடக்க விலையை நிறுவனமே வைக்கலாம். ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

ஐந்து பெயர்களின் வழக்கு

இந்த வரலாற்றில் என்னை மிகவும் நிறுத்தி வைத்த இடம் இது. 1974இல் ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1975இல் அறிக்கை அளித்தது. வணிகப்பெயர்களைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அரசு மிகுந்த தயக்கத்திற்குப் பின் ஐந்து மருந்துகளோடு தொடங்க முடிவு செய்தது. அவை அனால்ஜின், ஆஸ்பிரின், குளோர்புரோமசின், இரும்புச் சத்தான ஃபெரஸ் சல்பேட், குடற்புழு மருந்தான பைப்பரசின். ஐந்தில் இரண்டு வலி மாத்திரைகள் என்பதைக் கவனியுங்கள். சாதாரண மனிதர் மிகுதியாக வாங்குபவை அவையே.

நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. 1980களின் தொடக்கத்தில் அரசின் அறிவிக்கை செல்லாது என்றானது. அந்த ஐந்து பெயர்களோடு முயற்சி நின்றுவிட்டது. அனால்ஜின் பல நாடுகளில் பாதுகாப்புக் காரணத்தால் விலக்கப்பட்ட மருந்து. இங்கே அது வணிகப்பெயரில் பல்லாண்டுகள் தொடர்ந்தது. 2013இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டு, 2014இல் எச்சரிக்கைக் குறிப்புகளோடு மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

அதன்பின் மருத்துவர்களை நோக்கி விதிகள் வந்தன. இயன்றவரை பொதுப்பெயரில் எழுத வேண்டும் என 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் கூறின. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதைக் கட்டாயமாக்கி ஓர் ஒழுங்குமுறையை வெளியிட்டது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. அதே மாதத்திலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது.

கடலுக்கு அப்பால் ஒருவர்

நாம் ஐந்து பெயர்களில் தடுக்கி விழுந்த அதே பத்தாண்டில், பாக்கு நீரிணைக்கு அப்பால் இலங்கை அதைச் செய்து பார்த்தது. சேனக பிபிலே மருந்தியல் பேராசிரியர். எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் 1971இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவராகவும் பிபிலே பொறுப்பேற்றார். தனியார் சந்தையில் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த மருந்துகளை அறுநூறு அளவுக்குக் குறைத்து, பொதுப்பெயரில் உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரி, இறக்குமதியை ஒரே கையில் கொண்டுவந்தார். பல மருந்துகளின் விலை வியக்கத்தக்க அளவு சரிந்தது. பன்னாட்டு நிறுவனங்களும் மருத்துவர்களுள் ஒரு பகுதியினரும் எதிர்த்தனர். 1977இல் ஆட்சி மாறியபின் கதவுகள் மீண்டும் திறந்தன. அதே ஆண்டு செப்டம்பரில், ஐ.நா. பணிக்காகக் கயானா சென்றிருந்த பிபிலே அங்கேயே காலமானார். ஆயினும் கூட்டுத்தாபனமும் அதன் ஒசுசல கடைகளும் இன்றும் உள்ளன. 1982இல் வங்கதேசம் வகுத்த மருந்துக் கொள்கைக்கும் இலங்கையின் அனுபவம் முன்னோடி.

சென்னையின் பங்கு

தமிழ்நாடு பெயரோடு போரிடவில்லை, கொள்முதலைத் திருத்தியது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மிக எளிய எண்ணத்தில் நின்றது. மருத்துவமனைக்கு மருத்துவமனை தனித்தனியே வாங்காமல், ஒரு பட்டியல், ஒரு கொள்முதல், பொதுப்பெயர், மாவட்டக் கிடங்கு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற ஒரு கையேடு. ஒதுக்கிய தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். கிடங்குக்கு வரும் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே வழங்கல். பின்னாளில் கேரளமும், 2011இல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கிய இராஜஸ்தானும் இந்த வழியைப் பின்பற்றின.

அரசு மருத்துவமனை வாசலில் வரிசையில் நிற்பவருக்கு இதனால் கூப்பன் தேவைப்படவில்லை. வாசலுக்கு வெளியே வாங்குபவர்களுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. 2008 நவம்பரில் அமிர்தசரஸில் முதல் மக்கள் மருந்தகம் திறக்கப்பட்டது. 2025இல் அவற்றின் எண்ணிக்கை 15,000ஐத் தொட்டது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் தொடங்கப்பட்டன.

ஜெனரிக் மருந்தின் தரம் பற்றி ஐயம் எழுப்புவோர் உண்டு. அந்த ஐயத்தை நான் புறந்தள்ளவில்லை. ஆனால் வணிகப்பெயர் தரத்துக்குச் சான்று என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. ஒரே ஆலை பல நிறுவனங்களுக்குச் செய்து கொடுப்பது இங்கே வழக்கம். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து வணிகப்பெயர் தாங்கியே விற்கப்பட்டது. தரத்தை உறுதி செய்வது ஆய்வகமும் மருந்து ஆய்வாளரும். அட்டையின் வண்ணம் அன்று.

மலிவாக இருந்தும் கிடைக்காத மருந்து

விலை மட்டுமே தடை என்று நான் எழுதினால் அது அரை உண்மையாகிவிடும். புற்றுநோயின் கடைசி மாதங்களில் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மலிவான மருந்து. அதற்கு மூலமான அபினை அரசு உரிமத்தோடு மந்த்சௌர், நீமச் பகுதிகளில் பயிரிடும் நாடு நம்முடையது. அப்படியிருந்தும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, நாட்டின் மார்ஃபின் பயன்பாடு பல நூறு கிலோவிலிருந்து 1997இல் வெறும் 18 கிலோவுக்கு வீழ்ந்தது. மருத்துவமனை ஒன்று அதை வைத்திருக்கப் பல உரிமங்கள் வேண்டும். ஒன்று கிடைப்பதற்குள் மற்றொன்று காலாவதியாகும். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்புச் சிகிச்சை இயக்கமும், மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் போன்றோரும் நடத்திய நெடிய முயற்சியின் பின் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது.

அமெரிக்காவில் இலவசச் சீட்டு கொடுத்துக் கதவை உடைத்துத் திறந்தார்கள்; இங்கே உரிமச் சீட்டு கேட்டுக் கதவைப் பூட்டினார்கள். நோயாளி இரண்டு இடத்திலும் துன்புற்றார்.

மீண்டும் முனிர்கா

எங்கள் சந்தின் மருந்துக் கடைக்காரரிடம் நாளடைவில் பழக்கமானது. ஒரு மாலை, கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டேன்: "பாய் சாகப், எல்லாருக்கும் இருபது விழுக்காடு எப்படிக் கட்டுபடியாகிறது?" சிரித்தார். பிறகு விளக்கினார். கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்கு அவருடைய பங்கு 16 விழுக்காடு. மற்றவற்றுக்கு வழக்கமாக 20. அதற்கு மேல், பத்து அட்டை வாங்கினால் ஒன்று இலவசம் என்பது போன்ற சலுகைகள். மருத்துவப் பிரதிநிதி இல்லாமல் நேரடியாகக் கடைக்கு வரும் ஜெனரிக் மருந்துகள் அவருக்கு மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அட்டையில் அச்சிட்ட விலையோ புகழ்பெற்ற பெயரின் விலையை ஒட்டியே இருக்கிறது. அந்த இடைவெளியிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தருவதே தள்ளுபடி. "விலையை ஏற்றுவதும் நாங்கள் இல்லை, மேடம். ஏற்றியதில் கொஞ்சம் இறக்கித் தருகிறோம், அவ்வளவுதான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பெரிய செயலிகள் முதலீட்டாளர் பணத்தில் இன்னும் அதிகமாக இறக்கித் தருவதால் தன் கடையே நிலைக்குமா என்பது அவர் கவலை.

தமிழில் 'தள்ளுபடி' என்ற சொல்லுக்கு மூன்று வழக்குகள் உண்டு. கடைக்காரர் விலையைக் குறைத்தாலும் தள்ளுபடி. அரசு கடனை நீக்கினாலும் தள்ளுபடி. நீதிமன்றம் மனுவை நிராகரித்தாலும் தள்ளுபடி. மூன்றிலும் கொடுப்பவர் மேலே நிற்கிறார். பெறுபவர் கீழே நின்று காத்திருக்கிறார். கூப்பனின் குறை இதுவே. அது கிடைக்கும்போது நன்மைதான்; கிடைத்தால் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துவேன். ஆனால் அது உரிமை ஆகாது. நாளை அந்த எண் செல்லாது என்றால் யாரிடமும் முறையிட முடியாது. 1972இல் விலை குறைந்தது சட்டத்தால். சென்னையில் குறைந்தது கூட்டுக் கொள்முதலால். கொழும்பில் குறைந்தது பொதுப்பெயரால். அவற்றைப் பறிக்க வேண்டுமானால் யாரேனும் வெளிப்படையாக ஒரு முடிவெடுத்தாக வேண்டும்.

வாசிப்பவர்களில் என்னைப் போன்ற பிள்ளைகள் பலர் இருப்பீர்கள். ஊரில் பெற்றோருக்கு மருந்து அனுப்புபவர்கள். உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். மருத்துவரிடம் பொதுப்பெயரையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள், பெரும்பாலோர் மறுப்பதில்லை. மருந்தை மாற்றுவதற்கு முன் அவரிடமே அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ரசீதைப் பெட்டிக்குள் விடாதீர்கள். மாத்திரைகள் எத்தனை மீதமுள்ளன என்று அவ்வப்போது கேளுங்கள்.

அப்பாவின் மருத்துவர் இப்போது பிரிகாபலின் என்ற பெயரையே எழுதுகிறார். பேருந்து நிலையத்தின் அருகே உள்ள ஜெனரிக் கடையில் அப்பாவே வாங்கிக்கொள்கிறார். மாதச் செலவு முன்பு கூப்பனோடு கட்டியதைவிடக் குறைவு. சென்ற ஞாயிற்றுக்கிழமை இராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் படிகளில் உட்கார்ந்து அவரிடம் பேசினேன். "ராத்திரி தூக்கம் வருதாப்பா?" என்றேன். "வருது" என்றார். சற்று நேரம் கழித்து, விலை எவ்வளவு என்று நான் கேட்காமலேயே சொன்னார்.